எச்.பி. எண்ணோடு அளந்த விதத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாகனப் பக்கத்தில் அமெரிக்க டிராக் ரேஸ் (கால் மைல் நேர்கோட்டு ஓட்டப் பந்தயம்) கார்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பிரித்துக் கட்டிய 454 கன இன்ச் செவர்லே என்ஜின் 900 குதிரைத்திறன் (எச்.பி.) தருகிறது என்று ஒரே வரியில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். யார் அளந்தார்கள், எதில் அளந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. சக்தியைக் கூட்ட காற்றையோ வாயுவையோ திணிக்கும் டர்போ, நைட்ரஸ் எதுவும் கிடையாது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

நான் பீளமேட்டுக்காரன். பம்புசெட் கம்பெனியில் லேத் பிடித்துப் பழகி, இப்போது ஓஹாயோவில் ஒரு என்ஜின் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் கடைக்கு வரும் வேலையில் பாதி, சனி ஞாயிறு டிராக் ஸ்ட்ரிப்புக்கு, அதாவது அந்தப் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களின் பிக் பிளாக் என்ற பெரிய எட்டு சிலிண்டர் என்ஜின்கள்தான்.

நம் ஊரில் எச்.பி. என்றதும் கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வரும். தகட்டில் 5 எச்.பி. என்று அடித்திருந்தால், கரன்ட் இருக்கும்வரை நாள் முழுக்க அதைத் தர வேண்டும். டிராக் என்ஜின் அப்படியல்ல. அதன் உச்ச சக்தி ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில், சில விநாடிகளுக்கு மட்டும் வருவது. எந்த ஆர்.பி.எம்., எந்த வெப்பநிலை என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் கையில் கட்டிய ஒன்றையே சொல்கிறேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் 1970 செவெல் கார், அதில் 454. முன்பே ஒரு தடவை ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) ஆகியிருந்தது. சிலிண்டர் சுவரின் கனத்தை அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்து, தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த ஓவர்சைஸுக்குப் போனோம். கம்பெனியில் 4.25 இன்ச்சாக இருந்த போர் (சிலிண்டர் உள்விட்டம்) மொத்தத்தில் 4.31 ஆனது, 454 கன இன்ச் 467 ஆனது. கூடியது மூன்று சதவீதம்கூட இல்லை. ரீபோர் செய்தாலே சக்தி எகிறிவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேயும் நிறைய உண்டு.

போல்ட்டை முறுக்கி, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை உட்கார்த்தும்போது சிலிண்டர் லேசாகக் கோணும். அதனால் ஹெட் இருக்கும் இடத்தில் கனமான இரும்புத் தட்டை அதே முறுக்கில் பூட்டி, அப்புறம்தான் சிலிண்டரின் உட்சுவரைத் தேய்த்துச் சரியாக்கும் ஹோனிங் செய்வோம். மெயின் பேரிங் இடைவெளி 0.003 இன்ச்சை ஒட்டி. பிஸ்டன் ரிங் ஒவ்வொன்றையும் அதனதன் சிலிண்டரில் வைத்துப் பார்த்து முனையை ராவ வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் குறித்த டிகிரியில் நிற்கிறதா என்று டயல் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் எதற்கும் பெரிதாக எச்.பி. கூடாது, என்ஜின் உடையாமல் இருக்கும், அவ்வளவுதான். சக்தி வருவது ஹெட்டில், கேமில், கம்ப்ரஷனில். இந்த என்ஜினுக்கு 12.5க்கு 1 கம்ப்ரஷன். பங்க் பெட்ரோல் போட்டால் பிஸ்டன் போய்விடும், ரேஸ் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும்.

இனி எச்.பி. கணக்கு. ஹெட்டின் இன்டேக் வழி நிமிடத்துக்கு 320 கன அடி காற்றை விட்டது. அதைப் பட்டறைகளில் வழக்கமாகப் போடும் 0.257ஆல் பெருக்கி, 8 சிலிண்டருக்குப் போட்டால் 658. இது அந்த ஹெட்டுக்கு உண்டான எல்லை, அவ்வளவும் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. என்ஜின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் 6,600 ஆர்.பி.எம்.மில் 509 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை) வந்தது. டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் 640 எச்.பி. உரிமையாளருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்தத் தாளில் இருந்தது 60 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்த காற்றுக்குத் திருத்திய எஸ்.டி.பி. என்ற கணக்கு. 77 டிகிரிக்குத் திருத்தும் எஸ்.ஏ.இ. என்ற இன்னொரு கணக்கில் அதே ஓட்டம் 615 பக்கம்தான் வரும். டைனோவில் ஆல்டர்னேட்டரும் கிடையாது, சைலன்சரும் கிடையாது; அவை தின்னும் சக்தி இந்த எண்ணில் கழியவில்லை.

ஜூலை வெயிலில் ஸ்ட்ரிப்புக்குப் போனார்கள். ஓட்டுநரோடு 3,500 பவுண்டு. கால் மைல் 10.75 விநாடி, முடிவில் 128 மைல் வேகம். ஸ்ட்ரிப்பில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, வேகத்தை 234ஆல் வகுத்து, வந்த எண்ணின் மும்மடியை எடையால் பெருக்கினால் 573 எச்.பி. நேரத்தை 5.825ஆல் வகுத்து, வந்த எண்ணின் மும்மடியால் எடையை வகுத்தால் 557. இரண்டில் நான் வேகத்தைத்தான் நம்புவேன். கிளம்பும்போது டயர் வழுக்கினால் நேரம் கெட்டுவிடும். வேகம் கடைசி 66 அடியில் அளப்பது, வழுக்கல் அதை அவ்வளவாகப் பாதிக்காது.

ஆக ஒரே என்ஜினுக்கு 658, 640, 615, 573, 557. ஒன்றுகூடப் பொய் இல்லை.

கம்பெனி எண்ணும் இப்படித்தான். 1971 கார்வெட்டின் 454க்கு 365 எச்.பி. என்று விளம்பரம் செய்தார்கள். 1972இல் கிட்டத்தட்ட அதே என்ஜினுக்கு 270. ஃபேன், சைலன்சர் எல்லாம் மாட்டி அளக்கும் நிகர முறைக்கு மாறியதுதான் முக்கியக் காரணம். அதற்கு முன் எல்-88 என்ற 427 கன இன்ச் என்ஜினை 430 எச்.பி. என்று விற்றார்கள், உண்மையில் அது 500ஐத் தாண்டும். அதனால்தான் டிராக் ரேஸ் நடத்தும் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன், கம்பெனி கார்கள் ஓடும் ஸ்டாக் பிரிவில் கம்பெனி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஸ்ட்ரிப்பில் ஓடுவதைப் பார்த்துத் தானே எச்.பி.யைக் கூட்டிக் குறைக்கிறது.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். கார் 3,600 பவுண்டு, கால் மைலை 130 மைல் வேகத்தில் முடித்தது என்று படத்தின் கீழே நீங்களே போட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் 617 எச்.பி. 900 இருந்திருந்தால் 147 மைல் வேகத்தில் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். 617 ஒன்றும் குறைச்சல் இல்லை, நன்றாகக் கட்டிய என்ஜின்தான். 900 என்பது ரேஸ் முடிந்து டிரெய்லர் பக்கத்தில் நின்று பேசும்போது வரும் எண்.

அந்த உரிமையாளரிடம் டைனோ தாள் இருந்தால் வாங்கி வெளியிடுங்கள். எஸ்.டி.பி.யா எஸ்.ஏ.இ.யா என்பது அதிலேயே அச்சாகியிருக்கும்.

இப்படிக்கு,
பீளமேடு வாசகர் ஒருவர்,
ஓஹாயோ, அமெரிக்கா