முதலில் தோல், பிறகு தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்நீரில் கலந்திருக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு திமிங்கிலங்களையும், டால்பின் போன்ற சிறு கடல் பாலூட்டிகளான கடற்பன்றிகளையும் கண்காணிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ‘ஒரு பாட்டில் தண்ணீர் போதும்’ என்ற தொனிதான் உறுத்தியது. போதாது.

உதிரும் தோல், கழிவு, மூச்சோடு தெறிக்கும் சளி என்று இவ்விலங்குகள் தங்கள் தடயத்தை நீரில் விட்டுச் செல்வது உண்மைதான். ஆனால் டென்மார்க்கில் நடந்து 2012-இல் வெளியான முன்னோடி ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்பன்றிகளை அடைத்து வளர்த்த இடத்து நீர் தவறாமல் அவற்றைக் காட்டிக்கொடுத்தது. இயற்கையான கடலுக்குப் போனதும் முடிவுகள் தடுமாறின. அவை எழுப்பும் ‘கிளிக்’ ஒலியைப் பதிவுசெய்யும் கருவிகளே கூடுதலாகக் கண்டுபிடித்தன. இன்னும் அதிக நீரைச் சோதிக்க வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே சமயம், பால்டிக் பகுதியில் அரிதாகவே கண்ணில் படும் நீள்துடுப்பு பைலட் திமிங்கிலத்தின் தடயமும் ஓரிடத்தில் அகப்பட்டது. இந்த முறையின் அருமை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் ப்யூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் ‘கொலைத் திமிங்கிலம்’ எனப்படும் ஓர்க்காக்கள் கடந்துபோன பிறகு நீரெடுத்துப் பார்த்தவர்கள் (2018) இரண்டு மணி நேரம் வரை தடயத்தைக் கண்டார்கள். அதற்குள் கடல் ஓட்டம் அந்த நீரைச் சில கிலோமீட்டர் நகர்த்தியிருந்தது. ஆகவே பாட்டிலை அமிழ்த்திய இடம் விலங்கு இருந்த இடமாகிவிடாது. எத்தனை விலங்குகள், உயிருள்ளதா செத்ததா என்பதையும் அந்த நீரை வைத்துச் சொல்வது கடினம். மீன்பிடித் துறைமுகத்து நீரில் கடற்பன்றியின் டி.என்.ஏ. கிடைத்தால், அது வலையில் மாண்டு கரைக்கு வந்ததாகவும் இருக்கலாம்.

நம் கரையோரக் கடற்பன்றிக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. ஓங்கில் (டால்பின்) போல் துள்ளிக் காட்டாது; சாம்பல் முதுகு ஒரு கணம் உருண்டு மேலே வரும், மறையும். கடல் சற்றே கலைந்திருந்தாலும் படகிலிருந்து எண்ணுவது பெரும்பாடு. இப்படிப்பட்ட விலங்குக்கு நீர்ச் சோதனை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கிடைத்த துணுக்கை எதனோடு ஒப்பிடுவது? இனத்தின் பெயர் சொல்ல உலக டி.என்.ஏ. தரவுத்தளங்கள் பெரும்பாலும் உதவும். மன்னார் வளைகுடாவில் இருப்பவையும் பாக் நீரிணையில் இருப்பவையும் ஒரே கூட்டமா என்று கேட்டால், நம் கரையின் மாதிரிகளே விடை சொல்ல வேண்டும். கூன்முதுகு ஓங்கில்களைப் பாருங்கள். 2014-இல் அவற்றை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். வங்காள விரிகுடாவில் திரிபவை அவற்றுள் எதைச் சேர்ந்தவை என்பது இன்னும் தீராத வழக்கு.

2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஒற்றையாக ஒதுங்கும் கடற்பன்றிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் கண்டவரை, கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பார், நீளம் அளப்பார்கள், நாற்றம் பரவும் முன் மணலில் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். புதைக்கும் முன் நகமளவு தோலை அறுத்து எத்தனால் என்ற ஆல்கஹாலில் போட்டுவைத்தால், பின்னாளில் வரும் எந்த நீர்ச் சோதனைக்கும் அதுவே உரைகல்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால், அதன் உடலில் யார் வேண்டுமானாலும் கை வைக்க முடியாது, அது சரியே. கடலோர மாவட்டங்களில் பிரேதப் பரிசோதனைக்கு வரும் கால்நடை மருத்துவர்களுக்கு இதற்கென முன்கூட்டியே நிலையான அனுமதியும், சில குப்பிகளும் கொடுத்து வைக்கலாமே. படகு, ஆய்வுக்கூடம், கோடிக்கணக்கில் நிதி எதுவும் இதற்குத் தேவையில்லை. தேதி, இடம், நீளம், ஆணா பெண்ணா என்று எழுதிய சீட்டு குப்பிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருச்செந்தூர்