இனவாதப் பாடத்தை 1449இல் தொடங்குங்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். இனவாதம் எங்கே தொடங்கியது என்று பள்ளி முடித்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஹிட்லர் என்பார். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர் என்றால், ஐரோப்பிய அறிஞர்கள் மண்டையோடுகளை அளந்து மனிதர்களை வகை பிரித்த கதையைச் சொல்வார். இரண்டும் நடந்தவைதான். ஆனால் 1795இல் ஜெர்மன் அறிஞர் புளூமன்பாக் வெள்ளை இனத்தாருக்குக் 'காக்கேசியர்' என்ற பெயரைப் பரப்பியபோது, இரத்தத்தைச் சொல்லி மனிதரை ஒதுக்கும் சட்டத்துக்கு ஏறக்குறைய முந்நூற்றைம்பது வயதாகியிருந்தது. அறிவியல் வழி தவறியதால் இனவாதம் பிறந்தது என்று நாம் கற்பித்து வருகிறோம். உண்மையில் சட்டம் முதலில் வந்தது. அறிவியல் பிறகு வந்து அதற்குச் சாட்சி சொன்னது. இந்த வரிசையைத் திருத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1391இல் செவில் நகரில் யூதர்கள் மீது தொடங்கிய தாக்குதல், இன்றைய ஸ்பெயினின் பல நகரங்களுக்கும் பரவியது. உயிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். திருச்சபையின் கொள்கைப்படி, ஞானஸ்நானம் பெற்ற பிறகு ஒருவர் முழுக் கிறித்தவர். பழையவர், புதியவர் என்ற பேதம் அங்கே கிடையாது. ஆகவே அதுவரை யூதர்களுக்கு மூடப்பட்டிருந்த நகரப் பதவிகளுக்கும் பேராலயப் பணிகளுக்கும் மதம் மாறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வெறுப்பு நிலைகொள்ளாமல் போன இடம் இதுதான். மதத்தைக் காரணம் காட்டி ஒதுக்கியவர்களுக்கு இப்போது அந்தக் காரணம் கையில் இல்லை.

1449 ஜனவரியில், இன்றைய ஸ்பெயினில் இருந்த கஸ்தீல் அரசின் மன்னருடைய செல்வாக்குமிக்க அமைச்சர் அல்வாரோ தே லூனா, போர்ச் செலவுக்காக டொலேடோ நகரிடம் பத்து லட்சம் மரவேதி (அக்கால நாணயம்) கடன் கேட்டார். பணம் திரட்டும் வேலை அலோன்சோ கோத்தா என்ற, மதம் மாறிய குடும்பத்து வணிகரிடம் போனது. கூட்டம் அவர் வீட்டைக் கொளுத்தியது. கோட்டைத் தலைவர் பெரோ சார்மியெந்தோ கலகத்துக்குத் தலைமை ஏற்றார். ஜூன் 5 அன்று ஒரு தீர்ப்பாணை வெளியாயிற்று: யூத வம்சத்தில் வந்தவர்கள், கிறித்தவர்களாகவே இருந்தாலும், டொலேடோவில் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது, சாட்சி சொல்லவும் கூடாது.

வரி மீதான கோபம்தானே, அதற்கு ஏன் இத்தனை கனம் என்று கேட்கலாம். கோபம் தணிந்தது, ஆணையின் தர்க்கம் நிலைத்துவிட்டது. நம்பிக்கையை மாற்றிக்கொள்ளலாம், பாட்டனை மாற்றிக்கொள்ள முடியாது என்பதே அந்தத் தர்க்கம். அன்றைக்கே இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் மாணவர்கள் படிக்க வேண்டும். போப் ஐந்தாம் நிக்கோலாஸ் அதே ஆண்டு செப்டம்பரில் அந்த ஆணையைக் கண்டித்தார். புர்கோஸ் ஆயர் அலோன்சோ தே கார்த்தகேனா மறுப்பு நூலே எழுதினார். அவருடைய தந்தை ஒருகாலத்தில் ரபி, அதாவது யூத மதகுரு. 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்று இனி எந்தப் பாடத்திலும் எழுதாதீர்கள்.

கண்டனம் நிலைக்கவில்லை. 1547இல் டொலேடோ பேராலயமே இரத்தத் தூய்மை விதியை ஏற்றது. 1555இல் போப் நான்காம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். அதன் நடைமுறைதான் எனக்கு மிகவும் அச்சமூட்டுகிறது. பதவிக்கு விண்ணப்பித்தவர் தன் வம்சாவளியை எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணையாளர்கள் அவருடைய பாட்டன் பாட்டி ஊர்களுக்கே போய் முதியவர்களிடம் துருவித் துருவிக் கேட்பார்கள். செலவு விண்ணப்பதாரருடையது. வேண்டாதவர் ஒருவர் 'ஏதோ கேள்விப்பட்டிருக்கிறேன்' என்று இழுத்தாலே ஒரு வாழ்க்கை முடிந்துபோகலாம். நம்மூரில் சம்பந்தம் பேசுமுன் ரகசியமாக விசாரிப்பது போன்ற ஒரு காரியத்தை அரசும் திருச்சபையும் சேர்ந்து அலுவலகமாக்கின. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து 'இது சாதி மாதிரி இருக்கிறதே' என்று கேட்கும். கேட்கட்டும். இரண்டும் ஒன்றல்ல என்றாலும், அந்தக் கேள்வியை அடக்கும் ஆசிரியர் இந்தப் பாடத்தை நடத்தாமல் இருப்பதே நல்லது.

தோல் நிறத்தின் கதை வேறு பாதையில் வந்து இதோடு கலந்தது. விவிலியக் கதையில் நோவா சபித்தது தன் மகன் காமின் பிள்ளையான கானானை. நிறத்தைப் பற்றி ஆதியாகமத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் காமின் வழிவந்தவர்கள் கறுத்து அடிமைகளானார்கள் என்ற கதை யூத, கிறித்தவ, இஸ்லாமிய உலகங்களில் உலவியது. 14ஆம் நூற்றாண்டில் அரபு வரலாற்றாளர் இப்னு கல்தூன் அதை மறுத்து, நிறம் வெப்பத்தால் அமைவது என்று எழுதினார். ஆப்பிரிக்கர்களை விலங்குகளுக்கு நெருக்கமானவர்களாக எழுதியவரும் அவரேதான். அதை மறைத்து அவரைக் கொண்டாட வேண்டாம். 1444இல் போர்ச்சுகலின் லாகோஸ் நகரில் 235 ஆப்பிரிக்கர்களைப் பங்குபோட்டதை விவரித்த அரசவை வரலாற்றாளர் சுராரா, அவர்கள் அழுகையைக் கண்டு மனம் கசிந்து எழுதினார்; அதே நூலில் நோவாவின் சாபத்தைச் சொல்லி அடிமைத்தனத்துக்கு நியாயமும் தேடினார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பண்ணை முதலாளிகள் வரை அந்தச் சாபம் கைகொடுத்தது.

இதெல்லாம் தொலைதூரத்து விஷயம் என்று நினைத்தால், தமிழ் அச்சு வரலாற்றுப் பாடத்தைப் புரட்டுங்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பற்றி எழுதும்போது அண்டிரிக் அடிகளாரைப் 'போர்ச்சுகீசியப் பாதிரியார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 1520இல் பிறந்த அவர் யூத வம்சத்தவர். முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையிலிருந்து அந்தக் காரணத்துக்காகவே வெளியேற நேர்ந்தது. பிறகு இயேசு சபை அவரை ஏற்றது. அதன் நிறுவனர் இஞ்ஞாசியார் இரத்த விசாரணையை விரும்பாதவர். 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் பரதவரிடையே ஐம்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தமிழ் கற்று இலக்கணமும் எழுதினார்.

1593இல் அதே இயேசு சபை, யூத, முஸ்லிம் வம்சத்தவரைச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. அடிகளார் அப்போது உயிரோடு இருந்தார். 1600இல் புன்னைக்காயலில்தான் காலமானார். 1608இல் அந்த விதி ஐந்து தலைமுறைகளைத் தோண்டினால் போதும் என்று தளர்ந்தது. முழுதாக நீங்கியது 1946இல், நாஜி முகாம்கள் விடுவிக்கப்பட்ட பிறகு. கோவாவிலோ நிலைமை இன்னும் கொடியது: இந்திய மருந்துப் பொருள்கள் பற்றி நூல் எழுதிய யூத வம்சத்து மருத்துவர் கார்சியா தா ஓர்த்தாவின் எலும்புகளை, அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1580இல் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

டொலேடோ ஆணையும் நாஜிகளின் நூரம்பர்க் இனச் சட்டங்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1935இல் யூதர் யார் என்று வரையறுக்க வேண்டியிருந்தபோது, இத்தனை 'இன அறிவியல்' வைத்திருந்த நாஜி அரசால் இரத்தத்தில் எதையும் காட்ட முடியவில்லை. தாத்தா பாட்டிகளில் மூவரோ நால்வரோ யூத மதச் சமூகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் பேரன் யூதர் என்றார்கள். அதை நிரூபிக்கத் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடினார்கள். மண்டையோட்டு அளவுகோலை மேசையில் வைத்துவிட்டு, டொலேடோ பேராலயம் தேடிய அதே பாட்டன் கணக்கைத்தான் அவர்களும் எடுத்தார்கள்.

என் கோரிக்கை சிறியது. நாஜி ஜெர்மனி பாடத்துக்கு முன் டொலேடோவுக்கு அரைப்பக்கம். தம்பிரான் வணக்கம் வரும் இடத்தில் அடிகளாரின் வம்சம் பற்றி இரண்டு வாக்கியம். பயிற்சியில் ஒரு கேள்வி: 'மதம் மாறியவரையும் ஒதுக்க 1449இல் என்ன காரணம் சொன்னார்கள்?' இடமில்லை என்பீர்கள். மாணவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும் உடன்படிக்கைப் பட்டியலில் இரண்டைக் குறையுங்கள், இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்