விதைத் தொகுப்பை எண்ணியது போதும், தட்டில் விழும் காயை அளந்து பாருங்கள்

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கி தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று ஆறு வகை விதைகளை ஒரு தொகுப்பாக மக்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தீர்கள். அதற்கு முன்பே மாடித் தோட்டத் தளைகளை, அதாவது மாடியில் செடி வளர்க்கத் தேவையான பொருட்கள் அடங்கிய தொகுப்புகளை, பாதி மானியம் போக 450 ரூபாய்க்குக் கொடுத்தீர்கள். இரண்டுமே நல்ல காரியம், குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்க வந்தது ஒரே கேள்வி: இதனால் கையில் காசு குறைவாக உள்ள வீடுகளில் காய்கறி சாப்பிடுவது கூடியிருக்கிறதா? எத்தனை தொகுப்பு கொடுத்தோம் என்ற எண்ணிக்கை செய்திகளில் வருகிறது. எத்தனை கிராம் காய் கூடுதலாகத் தட்டுக்குப் போனது என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் கண்ணில் படவே இல்லை.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது, அதில் கீரை மட்டுமே 100 கிராம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காய்கறி மட்டும் இதைத் தீர்த்துவிடாது, ஆனால் அது இல்லாமலும் தீராது.

நான் வீடு வீடாகப் போய் உணவுக் கணக்கெடுக்கும் வேலை பார்த்தவள். அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். "தினமும் காய்கறி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "சாப்பிடுறோம்மா" என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, தினமும் சாம்பாரில் காய் இருக்கத்தான் செய்கிறது. அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து நேற்று என்ன வாங்கினீர்கள், எதை எவ்வளவு நறுக்கினீர்கள், யாருக்கு எத்தனை கரண்டி ஊற்றினீர்கள் என்று கேட்க ஆரம்பித்தால் கதை மாறும். சாலையோரத்தில் கூறு கட்டி விற்கும் சாம்பார்க் காய் ஒரு கூறு வாங்கியிருப்பார்கள். இரண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு துண்டு பூசணி, அது ஐந்து பேருக்கு. முருங்கைக்காய்த் துண்டு வீட்டுக்காரருக்கு, கத்தரிக்காய் பிள்ளைகளுக்கு. கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவுக்குக் குழம்பு இருக்கும், காய் இருக்காது. அந்த வீட்டின் மொத்தத்தை ஐந்தால் வகுத்துச் சராசரி எழுதினால் அந்த அம்மாவும் காய் சாப்பிட்டதாகவே கணக்கில் ஏறிவிடும்! ஆகவே வீட்டுச் சராசரி வேண்டாம், ஆளுக்கு ஆள் கேளுங்கள். குறிப்பாகப் பெண்களையும் வளரும் பெண் பிள்ளைகளையும். பள்ளியில் காலை உணவிலும் சத்துணவிலும் குழந்தை சாப்பிட்ட காயையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், உலக சுகாதார நிறுவனமும் அதைச் சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டு மரத்தில் பறித்த முருங்கைக் கீரையை விட்டுவிடவும் கூடாது. காசு கொடுத்து வாங்கியதை மட்டும் எழுதும் படிவத்தில் அது தப்பிவிடும்.

அடுத்தது மாதம். இதில்தான் அதிகம் ஏமாறுவோம் என்பது என் பயம். ஆடியில் விதை கொடுக்கும்போது ஒருமுறை கேட்டுவிட்டு, புரட்டாசியில் போய் மறுபடி கேட்டால் காய்கறி கூடித்தான் இருக்கும், ஏனென்றால் பல வீடுகளில் அந்த மாதம் கறி மீனே கிடையாது. 2023 ஜூலை போல, தக்காளி விலை ஏறி, ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டிவந்த நேரத்தில் முதல் கணக்கை எடுத்துவிட்டு, விலை இறங்கிக் கிடக்கும் தை மாதத்தில் இரண்டாவதை எடுத்தாலும் இதே கதைதான். விதையே கொடுக்காத தெருவிலும் அதே அளவு கூடியிருக்கும். முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துத் திட்டம் வெற்றி என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்டால் போதாதா என்றால், அதுவும் போதாது. அரசின் உழவன் செயலியிலோ இணையத்திலோ பதிவு செய்து தொகுப்பு வாங்குகிறவர் ஏற்கெனவே செடி வளர்ப்பதில் ஆசை உள்ளவர், தண்ணீரும் கொஞ்சம் இடமும் உள்ளவர். அவர் வீட்டில் முதலிலிருந்தே கீரை அதிகம்தான். இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் அதிகமாகவும் தொகுப்பு குறைவாகவும் உள்ள ஊராட்சிகளிலும் வார்டுகளிலும் குலுக்கல் போடுங்கள். இந்த விதைப்புப் பட்டத்தில் பெயர் விழாதவர்களுக்கு அடுத்த பட்டத்தில் கொடுங்கள். யாருக்கும் நட்டமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நியாயமான கூட்டமும் கிடைத்துவிடும். இரண்டு கூட்டத்தையும் ஒரே வாரத்தில் கேட்டால் புரட்டாசியும் தக்காளி விலையும் இருவருக்கும் ஒன்றுதான்.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12-இல் இப்படித்தான் செய்தார்கள். அரசின் உணவு உதவி வாங்கும் சுமார் 55,000 குடும்பங்களில் 7,500 குடும்பங்களைக் குலுக்கலில் எடுத்து, அவர்கள் பழம், காய்கறிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திரும்பக் கொடுத்தார்கள். பிறகு இரு தரப்பிலும் சிலரைப் பிடித்து முந்தைய நாள் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சலுகை கிடைத்தவர்கள் ஒரு நாளைக்குக் கால் கப் அளவு, அதாவது 26 சதவீதம் அதிகமாகப் பழமும் காய்கறியும் சாப்பிட்டது தெரியவந்தது. கால் கப் என்பது பெரிய அளவு இல்லை. ஆனால் அது நம்பக்கூடிய எண். அதைக் கையில் வைத்துக்கொண்டு, விலையில் கைவைத்தால் இவ்வளவு கிடைக்கும், இதற்கு இவ்வளவு செலவாகும் என்று பேச முடியும்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. காய் வாங்க முடியாத வீடுகளிலேயே விதை போடவும் இடமில்லை. சென்னைப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பில் இருக்கும் குடும்பம் வெண்டைச் செடியை எங்கே வைக்கும்? மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, லிஃப்ட் நின்றால் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அவர்களுக்கு ரேஷன் கடை வழியாக மலிவு விலையில் காய் கொடுப்பது விதையைவிட உதவலாம். உதவாமலும் போகலாம், என் ஊகத்தை நம்பி நீங்கள் பணம் ஒதுக்க வேண்டாம். சில வார்டுகளில் விதை, சில வார்டுகளில் மலிவுக் காய், இரண்டும் இல்லாமல் சில வார்டுகள் என்று ஒரு வருடம் நடத்தி அளந்து பாருங்கள். கணக்கெடுப்பை உங்கள் களப் பணியாளர்களிடமே கொடுக்காதீர்கள். விதை கொடுத்தவரே வந்து "பயன்பட்டதாம்மா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வெளியாள்தான் கேட்க வேண்டும்.

அடுத்த ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்க டெண்டர் போடும்போதே இதற்கும் பணம் ஒதுக்குங்கள். குலுக்கல் விதை கொடுப்பதற்கு முன்பு நடக்க வேண்டிய வேலை, கொடுத்து முடித்தபின் சேர்க்க முடியாது. வரும் முடிவு எப்படி இருந்தாலும், ஒரு கிராம்கூடக் கூடவில்லை என்று வந்தாலும், மாவட்ட வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கெடுப்பாளர் ஒருத்தி