கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து பனைமரங்களைப் பேயாட்டம் ஆட்டுகிறது. மூட்டுவலியைத் தவிர எனக்குக் குறையொன்றுமில்லை.

பேத்தியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அவளையே கேட்கலாமே என நீ சொன்னதற்கு வீட்டில் சிரித்தார்களாமே? சிரிக்கட்டும். எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம் வருகிறது. குழந்தைகளிடமும் கேட்போம் என்று கமிட்டிக் கூட்டத்தில் நான் சொன்னபோதும் இதே சிரிப்புதான். ஒருவர் மட்டும் பெரிய மனது வைத்து, "சுவருக்கு என்ன வண்ணம் என்று வேண்டுமானால் கேளுங்கள்" என்றார். குழந்தைகளுக்கு என்றாலே வண்ணமும் பொம்மைப் படமும்தான் நமக்குத் தோன்றுகிறது.

கேரளத்தில் இருந்துகொண்டு இதற்குச் சிரிப்பதுதான் வேடிக்கை. 2025 தொடக்கத்தில் ஆலப்புழைப் பக்கத்து அங்கன்வாடிச் சிறுவன் ஒருவன், உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று சொன்ன வீடியோ ஊரெல்லாம் சுற்றியது நினைவிருக்கிறதா? அந்த ஜூனிலேயே முட்டை பிரியாணி சேர்த்த புதிய உணவுப் பட்டியலை அமைச்சர் அறிவித்தார். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பையனுக்கு வாய் இருந்தது, அம்மாவிடம் போன் இருந்தது. வாய் திறக்காத பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் அங்கன்வாடியில் அப்படி ஒருவன் உண்டு. மூன்று வயது. யார் எது கேட்டாலும் சட்டை நுனியைக் கடிப்பான். ஆகவே வட்டமாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பதெல்லாம் வேண்டாம் என்று டீச்சரிடம் சொன்னேன். 'உங்கள் அங்கன்வாடியை எனக்குச் சுற்றிக் காட்டுங்கள்' என்று பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டோம். இங்கிலாந்தில் ஆலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைகளை வழிகாட்டிகளாக்கியும் அவர்கள் கையில் கேமரா கொடுத்தும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். எங்களுக்குக் கேமரா இல்லை, கால்கள் இருந்தன.

கழிப்பறைக் கதவருகே எல்லாப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். உள்ளே இருட்டு, தாழ்ப்பாள் எட்டாது. தண்ணீர்க் குழாயைத் திறக்க ஆயாவைக் கூப்பிட வேண்டும். சட்டை கடிப்பவன் ஒன்றும் பேசாமல் தன் பாயை இழுத்துக்கொண்டு போய் வாசல் கிராதியருகே போட்டான். அங்கிருந்துதான் ரோடு தெரியும், அம்மா வருவது தெரியும். புதிய கட்டடத்தின் வரைபடத்தில் ஜன்னலெல்லாம் நம் தோள் உயரம்! ஓவர்சியரிடம் சண்டை போட்டு ஒரு ஜன்னலைத் தாழ்த்த வைத்தோம். குழாயும் தாழ்கிறது. ஒரு பெண் வாசலில் யானை வேண்டும் என்றாள். யானை கிடையாது, அதற்குத் தீனி போட நம்மிடம் பணமில்லை என்று டீச்சர் நேராகவே சொன்னார். சிறிது யோசித்துவிட்டு, "சரி, ஆடு?" என்றாள்.

இதெல்லாம் நாம் போடும் பிச்சை இல்லை. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. இதற்குக் குறைந்தபட்ச வயது வைக்கக் கூடாது, விளையாட்டும் முகக்குறிப்பும் ஓவியமும் கருத்துத்தான் என்று அந்த உடன்படிக்கைக்கான குழு 2009-இல் விளக்கமே எழுதியிருக்கிறது. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப்புக்காக, குழந்தைகளுக்கு எவ்வளவு பங்கு தருகிறோம் என்று காட்டும் எட்டுப் படி ஏணி ஒன்றை வரைந்தார். அதன் கீழ் மூன்று படிகளில் குழந்தைகளின் பங்கேற்பே கிடையாது, பெரியவர்களின் ஒப்பனைதான். திறப்பு விழாவில் வெயிலில் தட்டி பிடித்து நிற்கும் பிள்ளைகளை அங்கேதான் வைக்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டவும் கூடாது. தடுப்பூசி போடலாமா என்று கேட்காதே. யார் மடியில் உட்கார்ந்து போட்டுக்கொள்வது என்று கேள். உன் பேத்தி விஷயமும் அப்படித்தான். கட்டணமும் பஸ் தூரமும் உங்கள் கவலை. உங்களுக்குக் கட்டுப்படியாகும் இரண்டு பள்ளிகளுக்கும் அவளைக் கூட்டிப் போங்கள், ஒரு மணி நேரமாவது இருங்கள். எங்கே உன் கையை விடுகிறாள், யாரிடம் போய்ப் பேசுகிறாள் என்று பார். கடைசியில் அவளுக்குப் பிடித்தது கிடைக்காமல் போனால், ஏன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சட்டை கடிப்பவனின் பாட்டி நம்மோடு படித்தவள் என்பது போன வாரம்தான் தெரிந்தது. யாரென்று ஊகித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி