ரப்பர் தாங்கிக்கு எவ்வளவு கூலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஷாட்கன் துப்பாக்கியின் பின்கட்டையில், அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதியில், சுடும்போது வரும் உதையைத் தாங்கும் ரப்பர் தாங்கி பொருத்த, தாங்கியின் விலையைவிடக் கூலி அதிகமா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கூலிதான். தாங்கி ஓர் அங்குலத் தடிமன் என்றால், கட்டையின் முனையிலிருந்து கழற்றும் பழைய தகட்டின் தடிமன் போக மீதியைக் கட்டையில் அறுத்தாக வேண்டும். இல்லையேல் நீளம் கூடி, தூக்கும்போது அக்குளில் சிக்கும். அறுக்கும் கோணம் பிசகினால் குழல் மேலோ கீழோ நோக்கும். வெட்டுக்கோட்டில் ஒட்டுநாடா சுற்றாவிட்டால் மரம் சிலும்பும். பழைய திருகுத் துளைகளை மரமுளையால் அடைத்துப் புதிதாகத் துளையிட வேண்டும். பிறகு ரப்பரைக் கட்டையின் வளைவுக்குத் தேய்ப்பது. நேரத்தைத் தின்பது இதுதான்.

ஆனால் அந்தந்த மாடலுக்கென்றே வார்த்து வரும் தாங்கிக்கு இந்தத் தேய்ப்பு கிடையாது. அதற்கும் முழுக் கூலி கேட்பது அநியாயம். அறுப்பு, துளை, தேய்ப்பு எனப் பிரித்தெழுதிய மதிப்பீட்டைப் பணிமனைகள் முன்கூட்டியே தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்