மாப்ளே, ஒரு வாரண்டி விவகாரம்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், சோடாபுட்டிதான் போன் பண்ணிச் சொன்னான். அவன் வாயால் அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிவிட்டேன். ஆமாம், அதேதான். போர்ஷே 911 கரேரா எஸ், 2009 மாடல், 68,000 மைல் ஓடியது. ஹாஸ்டல் அலமாரிக் கதவில் நான் ஒட்டியிருந்த படத்தை, வார்டன் வருகிறார் என்று பயந்து கிழித்தவன் நீ. இப்போது வந்து கிழி பார்க்கலாம். வீட்டுக்காரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பின் சீட்டில் யார் உட்காருவது?" என்றாள். "காய்கறிப் பை" என்றேன். இரண்டு நாள் பேச்சில்லை.

இப்போது தூக்கத்தைக் கெடுப்பது கார் இல்லை, அதற்கு எடுக்க வேண்டிய வாரண்டி. கம்பெனி கொடுத்தது எப்போதோ முடிந்துவிட்டது. வெளியாட்கள் விற்பதற்குச் சட்டப்படி வாரண்டி என்ற பெயரே கிடையாது, 'சர்வீஸ் கான்ட்ராக்ட்'தான். "உங்கள் காரின் வாரண்டி முடியப்போகிறது" என்று மெஷின் குரலில் நாள் தவறாமல் போன் வரும் என்று புலம்புவேனே, ஞாபகமிருக்கிறதா? மூன்றே மாதத்தில் ஐந்நூறு கோடி போன் போட்ட ஒரு கும்பலுக்கு 2023-ல் இங்கத்திய தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் போட்டது. அந்த மாதிரிக் கடைகளுக்கு நடுவில்தான் நான் யோக்கியனைத் தேடுகிறேன்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு பயமில்லை. இதற்கு முந்தைய எஞ்சின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்று ஒரு எமன் இருந்தான். 2009 மாடலில் அந்த ஷாஃப்டையே தூக்கிவிட்டார்கள். பயமெல்லாம் கியர்பாக்ஸில்தான். பி.டி.கே. என்று பெயர், ஏழு கியர், இரண்டு கிளட்ச். கியர் மாறுவதே தெரியாது, வெண்ணெய். ஆனால் உள்ளே இத்துணூண்டு சென்சார் ஒன்று படுத்தால், டீலர் பெரும்பாலும் அதைப் பிரிக்க மாட்டார். மொத்தத்தையும் மாற்று என்பார். எனக்குச் சொன்ன கணக்கு 20,000 டாலருக்கு மேல். நம் ராஜ்தூத் பைக்குக்கு மெக்கானிக் பாய் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கியர் லிவர் கட்டிக்கொடுத்தாரே, அந்த ஞானமெல்லாம் இங்கே செல்லாது.

இந்தக் கான்ட்ராக்டுக்கு மூன்று வருஷத்துக்கு 4,700 டாலர் கேட்கிறார்கள். இருபத்து மூன்று பக்கம், எறும்பு சைஸ் எழுத்து. பாதி நீ இன்ஷூரன்ஸ் வேலையில் இருந்தபோது பேசிய பாஷைதான். ரப்பர் ஹோஸ் சேராது. ஆயில் கசிந்தால் சேராது, ஒழுகினால் சேரும். மொத்த க்ளெய்ம் காரின் மார்க்கெட் மதிப்பைத் தாண்டக் கூடாது, நீ ஐ.டி.வி. என்பாயே, அதே சங்கதி. அப்புறம் ஒரு கூலி உச்சவரம்பு: மணிக்கு 150 டாலர்தான் தருவார்களாம். டீலர் வாங்குவது 260. மிச்சம் என் தலையில். கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க முதலில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். பிரித்த பிறகு 'இது தேய்மானம்' என்று சொல்லிவிட்டால் பிரித்த கூலியும் என்னுடையது.

எதை எடுப்பது என்று இங்கே ஒரு மெக்கானிக்கைக் கேட்டேன். போலந்துக்காரர், கிழவர், போர்ஷே மட்டும்தான் பார்ப்பார். பக்கத்தைப் புரட்டவே இல்லை. "க்ளெய்ம் ஓகே ஆனதும் போனிலேயே கார்டு நம்பர் கொடுத்துப் பணம் கட்டுகிறவன் யார் என்று மட்டும் கேள். மற்றவர்கள் வண்டியை நான் லிஃப்டில் ஏற்ற மாட்டேன். ஆள் வந்து பார்க்கிறேன் என்று பத்து நாள் லிஃப்டை முடக்கிவிடுவார்கள்" என்றார். மூன்று வாரம் படித்ததை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். அப்படிக் கட்டுகிறவர்கள் என்று அவர் சொன்ன இரண்டு கம்பெனிகளில் ஒன்றைத்தான் எடுப்பதாக இருந்தேன்.

இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை சிக்னலுக்காக வேகம் குறைக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குகையில் ஒரு வெட்டு. முதுகில் யாரோ தட்டிய மாதிரி. வெள்ளிக்கிழமை மறுபடி. பழைய கியர் ஆயிலாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

கான்ட்ராக்டில் முதல் 30 நாள், 1,000 மைல் வரை க்ளெய்ம் கிடையாது. முன்பே இருந்த கோளாறுக்கு எப்போதுமே கிடையாது. இப்போது மெக்கானிக்கிடம் போனால் ரெக்கார்டில் ஏறிவிடும். போகாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆயிரம் மைல் மெதுவாக ஓட்டி, அப்புறம் "ஐயோ, திடீரென்று" என்று போன் போட்டால் யாருக்குத் தெரியும்? நேற்று ராத்திரி உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை மைல் ஓட்ட வேண்டும் என்று பேப்பரில் கணக்கே போட்டுவிட்டேன் மாப்ளே. போட்டு முடித்த பிறகுதான் திண்டுக்கல் லாரிக்காரர் ஞாபகம் வந்தார். முன்பே அடிவாங்கிய சேஸிஸ் என்று நீ எழுதிக்கொடுத்ததால் க்ளெய்ம் போய், அவர் உன் வீட்டு வாசலில் வந்து அழுதார். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. நான் உன்னை "இரக்கமில்லாதவன்" என்றேன்.

அவர் பொய் சொன்னார் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? அப்போது நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் போலந்துக்காரரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கியர் ஆயில் மாற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரியிடம் இன்னும் வெட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. காய்கறிப் பை இரண்டு தடவை சீட்டிலிருந்து உருண்டது மட்டும் அவளுக்குத் தெரியும்.

வியாழனுக்குள் பதில் போடு. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுது.

உன்,
கிழிந்த படத்தின் சொந்தக்காரன்