ராஜினாமா கொடுக்கும் முன்

மக்களே,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டோம். அப்பா ஒன்றும் சொல்லாமல் ரப்பர் ஷீட் அடிக்கப் போய்விட்டார். போனில் பேசினால் நீ வசனம் சொல்லுவாய், நான் அழுவேன், நடுவில் நெட் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துபாய் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்கிறாய். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் இறையியல் படிக்கமாட்டேன் என்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இறையியல் கல்லூரி செமினரி இல்லை, செமெட்ரி, கல்லறை என்று உங்கள் ஜெப ஐக்கியத்தில் சொல்லிச் சிரிக்கிறீர்களாம். நான் யூத் மீட்டிங்குக்குப் போன காலத்திலேயே கிழடு தட்டிப்போன ஜோக் அது.

பைபிளை எழுதியது மனுஷன் இல்லை, ஆவியானவர், அவரே விளக்கமும் தருவார் என்று சொன்னாய். சரி, பேதுரு என்ன சொல்கிறார்? "தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்." மனுஷர்கள் என்றுதானே இருக்கிறது. லூக்கா தன் சுவிசேஷத்தை, எல்லாவற்றையும் ஆதிமுதல் விசாரித்து அறிந்து எழுதுகிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறார். ரோமர் நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்லத் தாளில் எழுதியவர் தெர்தியு. கடைசி அதிகாரத்தில் அவரும் ஒரு வரி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். எரேமியா 36ஐ எடுத்துப் பார். எரேமியா தீர்க்கதரிசி சொல்ல, பாருக்கு என்ற எழுத்தன் மையினால் எழுதுகிறான். யோயாக்கீம் ராஜா குளிர்காயும் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து, வாசிக்க வாசிக்கச் சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். பாருக்கு திரும்ப முதலிலிருந்து எழுதுகிறான். அதோடு இன்னும் அநேக வார்த்தைகள் சேர்க்கப்பட்டன என்று முடிகிறது அந்த அதிகாரம். ஒரு தீர்க்கதரிசனப் புத்தகம் எப்படி உருவானது என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. இதைப் படித்தால் விசுவாசம் போய்விடுமா? எனக்கு அந்தப் பாருக்கின்மேல் பாசம்தான் வருகிறது.

போன மாதம் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சின்னப் பெண், "மோசே செத்ததை மோசே எப்படி டீச்சர் எழுதினார்?" என்று கேட்டாள். உபாகமம் 34. அவனுடைய குழியை இந்நாள்வரைக்கும் ஒருவனும் அறியான் என்று வேறு அதில் இருக்கிறது. கேட்கக்கூடாத கேள்வி ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்று யூத ரபீக்கள் தங்கள் பழைய விளக்க நூலான தல்மூதிலேயே பேசியிருக்கிறார்கள். இல்லை, மோசே கண்ணீரோடு தானே எழுதினார் என்று சொன்னவர்களும் உண்டு. எபிரெயர் நிருபத்தை யார் எழுதியது என்பதற்கு, அது கடவுளுக்குத்தான் தெரியும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத பண்டிதர் சொல்லிவிட்டார். நாளைக்கு உன்னிடம் ஒரு பிள்ளை இதைக் கேட்டால் "சந்தேகப்படாதே" என்று அதட்டி உட்கார வைக்கப் போகிறாயா?

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. நம் மேலே வீட்டுச் சித்திக்குக் கால் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கம் பண்ண வந்தவர், மாற்கு 16ஐ விரித்து, "வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், சொஸ்தமாவார்கள்" என்று வாசித்துவிட்டு, இனி இன்சுலின் போடுவது அவிசுவாசம் என்றார். சித்தி ஊசியை நிறுத்தினாள். பெருவிரலில் சின்னப் புண்தான். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரல் கறுத்து வாடை வர ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாற்கு 16இல் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் என்ற பைபிளின் பழைய கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. என் கையிலிருக்கும் பைபிளில் அதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. செமினரியில் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதற்காக அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறார்கள் என்று நினைக்காதே. காலங்காலமாகச் சபை வாசித்துவரும் வசனங்கள் அவை, நானும் வாசிக்கிறேன். ஆனால் ஒரு மனுஷியின் மருந்தை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கை நடுங்க வேண்டாமா? அதே இடத்தில் "சர்ப்பங்களை எடுப்பார்கள்" என்றும் இருக்கிறது. அதை நம்பி நம்ம ரப்பர் தோட்டத்தில் அணலிப் பாம்பு பிடிக்க எந்த ஊழியக்காரரும் இதுவரை வந்ததில்லை.

படித்தவர்கள் எல்லாரும் நல்ல போதகர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்துவிட்டுப் பிரசங்கத்தில் ஆளைத் தூங்கவைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே நாலைந்து வருஷம் உன் பேச்சை மறித்துக் கேள்வி கேட்க ஆள் இருப்பார்கள். "இது வசனத்தில் இருக்கிறதா, நீயாகச் சேர்த்ததா?" என்று ஒரு வாத்தியார் கேட்பார், பக்கத்தில் இருக்கிறவனும் கேட்பான். கன்வென்ஷன் மேடையில் மைக் பிடித்தவனிடம் யார் கேட்பது? எல்லாரும் அல்லேலூயாதான் சொல்லுவார்கள். நீ நன்றாகப் பேசுகிறவன். அதனால்தான் எனக்குப் பயம்.

இந்தியாவுக்கு மிஷனரியாக வந்த வில்லியம் கேரியைப் பற்றி உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். செருப்புத் தைத்த மனுஷன், கல்லூரி வாசலை மிதிக்காதவர். அவர்தான் மார்ஷ்மன், வார்டு என்ற கூட்டாளிகளோடு 1818இல் வங்காளத்துச் செராம்பூரில் கல்லூரி கட்டினார். படிப்பு வேண்டாம் என்று சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

சேருகிற வழியெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். தமிழில் படிக்க வேண்டும் என்றால் மதுரை அரசரடி இறையியல் கல்லூரி. வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் திருவனந்தபுரம் கண்ணம்மூலா செமினரி. வேலையை விடாமலே படிக்கவும் செராம்பூரில் அஞ்சல் வழிப் படிப்பு இருக்கிறது. எனக்கு அதுதான் நல்லது என்று படுகிறது, வீட்டு லோனும் முடியவில்லையே.

லீவுக்கு வரும்போது குழித்துறையில் காலை ரயிலைப் பிடித்துக் கண்ணம்மூலாவுக்குப் போய் ஒரு வகுப்பிலாவது உட்கார விடுவார்களா என்று கேட்டுப் பார்ப்போம். அப்பாவும் வருகிறாராம், ராத்திரிதான் சொன்னார். ராஜினாமா மெயிலை அதுவரைக்கும் டிராஃப்டில் கிடக்க விடு.

அன்புடன்,
அம்மா